உங்களுக்கு ஒரே ஒரு 'பேஷன்' இல்லையா? வேலையை விடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



வருமான வரித் தாக்கல் சீசன்ல என் ஆபீஸுக்கு வர்றவங்க கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பழைய வரிமுறையா புதுசா, ரீஃபண்ட் எப்ப வரும், வாடகை ரசீது வேணுமா. ஆனா கடந்த ரெண்டு மூணு வருஷமா, எல்லாம் முடிஞ்சு எழுந்திருக்கிற நேரத்துல இன்னொரு கேள்வியும் வருது. "மேடம், வேலையை விட்டுட்டு கொஞ்ச நாள், எனக்கு உண்மையிலேயே என்ன பிடிக்கும்னு கண்டுபிடிக்கலாம்னு இருக்கேன். சேமிப்பு தாங்குமா?"

கேட்கிறவங்க எல்லாம் 28-லேர்ந்து 36 வயசுக்குள்ள இருப்பாங்க. நல்ல சம்பளம். கடன் அதிகம் இருக்காது. முகத்துல மட்டும், பரீட்சைக்கு எல்லாரும் படிச்ச பாடத்தை நாம மட்டும் படிக்காம வந்துட்டோமோங்கிற மாதிரி ஒரு கவலை.

சேமிப்பு தாங்குமாங்கிறது என் துறை. அதுக்குப் பதில் சொல்லிடலாம். ஆனா அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு விஷயம்தான் எழுதி வெச்சிருக்கு, அது எங்கேயோ புதைஞ்சு கிடக்கு, முழு நேரமும் தோண்டினாத்தான் கிடைக்கும், கிடைச்சா அதுக்கப்புறம் வாழ்க்கை தானா ஓடும். மொத்தச் செலவும் இந்த நம்பிக்கையிலேர்ந்துதான் வருது. அதனால முதல்ல அதைப் பார்க்கணும்.

2018-ல் 'சைக்கலாஜிக்கல் சயன்ஸ்' ஆய்விதழில் பால் ஓ'கீஃப், கேரல் ட்வெக், கிரெகரி வால்டன் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிலிருந்த சோதனைகளில் ஒன்று இது. கருந்துளைகளைப் பற்றி எளிமையான, அழகான ஒரு வீடியோவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்த பலருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. அடுத்து அதே விஷயத்தைப் பற்றிக் கடினமான ஓர் அறிவியல் கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். 'ஆர்வம் என்பது நமக்குள் ஏற்கெனவே இருப்பது, கண்டுபிடித்தால் போதும்' என்று நினைத்தவர்களுக்குத்தான் அந்த ஆர்வம் அதிகமாக வடிந்தது. ஆர்வம் மெல்ல மெல்ல வளர்வது என்று நினைத்தவர்களுக்கு அவ்வளவு வடியவில்லை.

ஏன்னு யோசிச்சா புரியும். 'இதுதான் என் பேஷன்'னு நினைச்சு ஒண்ணுல இறங்கறோம். மூணாவது மாசம் கஷ்டமா இருக்கு. உடனே 'அப்போ இது இல்லை போல, வேற எங்கேயோ இருக்கு'ன்னு தோணுது. கஷ்டம் வர்றது எல்லா வேலையிலயும் இயல்பு. ஆனா தேடிட்டிருக்கிறவருக்கு அது தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டோம்ங்கிறதுக்கு அடையாளமாத் தெரியுது.

ஒரு உதாரணம் சொல்றேன். ஆள் அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களை மாத்தியிருக்கேன், கணக்கின் போக்கு மட்டும் அப்படியே இருக்கு.

31 வயசு. கோயம்புத்தூர்ல ஐடி வேலை. கைக்கு வர்ற சம்பளம் மாசம் 82,000 ரூபாய். வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து 55,000. சேமிப்பு 10 லட்சம். பதினெட்டு மாசம் வேலையை விட்டுட்டு வனவிலங்கு புகைப்படக் கலையில இறங்கணும், அதுதான் தன்னோட பேஷனான்னு பார்க்கணும்ங்கிறது திட்டம். அவர் போட்ட கணக்கு இது: 55,000-ஐ 18-ஆல் பெருக்கினா 9.9 லட்சம். சேமிப்பு 10 லட்சம் இருக்கு. சரியா வருது.

ஒரு பக்கம் மட்டும் எழுதின பேரேடு அது.

செலவு எப்படியும் ஆகப் போறதுதான், வேலையில இருந்தாலும் ஆகும். வேலையை விடறதால உண்மையா இழக்கறது சம்பளத்தை. 82,000 ரூபாய் வீதம் 18 மாசத்துக்கு 14.76 லட்சம். அதோட பிஎஃப். அவருடைய அடிப்படைச் சம்பளம் 40,000. அவர் பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கு 12 சதவீதம், ரெண்டும் சேர்ந்து மாசம் 9,600. பதினெட்டு மாசத்துக்கு 1,72,800. அடுத்தது கிராஜுவிட்டி. அந்தக் கம்பெனியில அவர் சேர்ந்து 4 வருஷம் 2 மாசம் ஆகுது. நிரந்தர ஊழியருக்கு 5 வருஷம் முடியணும். இப்போ கிளம்பினா ஒண்ணும் கிடையாது. இன்னும் பத்தே மாசம் இருந்தா 40,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை 5 வருஷத்தால பெருக்கணும்: 1,15,385 ரூபாய். மூணையும் கூட்டினா ஏறக்குறைய 17.64 லட்சம். இதுல கேமராவும் லென்ஸும் இன்னும் சேரலை. அதுக்கு அவர் போட்டிருந்த பட்ஜெட் 1.8 லட்சம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு கணக்கிலேயே இல்லை. அவங்க அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அவருக்கு இருக்கிறது மகனோட கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் மட்டும்தான். வேலை போன அன்னிக்கே அதுவும் போகும். புதுசா தனி பாலிசி எடுத்தா ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம் வரை போகலாம். மகன் தேடப் போறது 18 மாசம். அப்பாவோட சர்க்கரைக்கு லீவு கிடையாது.

இதைச் சொன்னதும் அவர் அமைதியாகிட்டார். அப்புறம் சொன்னதுதான் என்னை யோசிக்க வெச்சுது. "எனக்கு எதுலயும் நிலைக்கிற புத்தி இல்லை மேடம். கிதார் வாங்கினேன், விட்டேன். ஓட்டப்பந்தயம், விட்டேன். ரொட்டி சுடக் கத்துக்கிட்டேன், மண்பாண்டம் செய்யப் போனேன். எல்லாம் அரைகுறை. எங்க வீட்டுலயும் அதான் சொல்றாங்க. ஒண்ணையாவது முழுசாப் பண்ணணும்."

நான் பேங்க் ஸ்டேட்மென்ட் படிச்சே பழகினவ. மனுஷங்க வாயால சொல்றதைவிட அவங்க யுபிஐ நிறையச் சொல்லும். மூணு வருஷ ஸ்டேட்மென்ட்டை எடுத்து, இந்த மாதிரி ஆசைகளுக்குப் போன செலவையெல்லாம் தனியாப் பிரிச்சோம். மொத்தம் 1,36,800 ரூபாய். மாசத்துக்கு 3,800. கைக்கு வர்ற சம்பளத்துல 4.6 சதவீதம். 'நான் நிறைய வீணடிச்சுட்டேன்'னு சொன்ன மனுஷன் ஊதாரியே இல்லை.

அடுத்ததா, எந்தச் செலவு திரும்பத் திரும்ப வருதுன்னு பார்த்தோம். கிதார் ஒரு தடவை. மண்பாண்டம் ஒரு தடவை. ஆனா ஒவ்வொரு பனிக்காலமும் பறவை பார்க்கப் போன பெட்ரோல், தங்கற செலவு: வால்பாறை, கூந்தன்குளம், வேடந்தாங்கல். காலையில சிங்காநல்லூர் குளத்துக்குப் போய்ட்டு வந்து சாப்பிட்ட டிபன் செலவு, ஞாயித்துக்கிழமைகள்ல மட்டும், வருஷம் முழுக்க. ரொட்டிக்கு மாவும் ஈஸ்ட்டும், விட்டு விட்டு, ஆனா மூணு வருஷமும். அவர் இதையெல்லாம் ஆர்வம்னே கணக்குல சேர்க்கலை. 'அது சும்மா போறது மேடம்'னார்.

பறவை பார்க்கிறதுதான் அவரோட உண்மையான பேஷன், கண்டுபிடிச்சுட்டோம்னு நான் சொல்ல வரலை. அப்படிச் சொன்னா பழைய குழியிலேயே மறுபடி விழுந்த மாதிரி. அவர் ஏற்கெனவே நல்லா வாழ்ந்துக்கிட்டிருந்தார், மாசம் 3,800 ரூபாயில. அதை வாழ்க்கைன்னு ஒத்துக்காம, பெரிசா ஒண்ணு வர்ற வரைக்கும் காத்திட்டிருந்தார். வேலை பிடிக்கலைங்கிறதும் உண்மைதான். பேசிப் பார்த்தா அதுக்குக் காரணம் ஒரே புராஜெக்டுல மூணு வருஷம் சிக்கிக்கிட்டது. அதுக்கு மருந்து வேற டீம். ரெண்டு மாசத்துல டீம் மாத்திக்கிட்டார். கேமரா வாங்கலை, லென்ஸை வாடகைக்கு எடுக்கறார். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புல கலந்துக்கிட்டு ஒரு பட்டியல் அனுப்பினார், எனக்கு அதுல பாதிப் பேர் புரியலை. ரொட்டி மட்டும் புரிஞ்சுது, ஆபீஸுக்கே கொண்டு வந்தார்.

பேர் சொல்லக்கூடிய சில பேர்

நம்ம ஊர்ல 'ஒரே வேலை, ஒரே ஆர்வம்'னு இல்லாம வாழ்ந்தவங்க கொஞ்ச நஞ்சமில்லை. சுஜாதாவைப் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, அதனால விட்டுடறேன்.

சு. தியடோர் பாஸ்கரனை எடுத்துக்குங்க. இந்திய அஞ்சல் துறை அதிகாரி, தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் அதிகாரியாகப் பணியாற்றியவர். வேலையில் இருந்தபடியே தமிழ் சினிமாவின் ஆரம்ப கால வரலாற்றை ஆவணக் காப்பகங்களில் தேடித் தேடி எழுதினார். 1996-ல் வெளிவந்த அவருடைய 'தி ஐ ஆஃப் தி சர்ப்பென்ட்' புத்தகத்துக்குச் சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதான தங்கத் தாமரை கிடைத்தது. இன்னொரு பக்கம் காட்டுயிர்களைப் பற்றியும் சூழலியல் பற்றியும் தமிழில் தொடர்ந்து எழுதுகிறார். தபால், சினிமா, காடு. இதில் எது அவருடைய 'உண்மையான' பேஷன்? இந்தக் கேள்வியே பொருந்தவில்லை பாருங்கள்.

வண்ணதாசன் ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்தவர். சிறுகதைக்கு வண்ணதாசன், கவிதைக்குக் கல்யாண்ஜி. இரண்டு ஆர்வத்துக்கு இரண்டு பெயர், மூன்றாவது பெயரில் சம்பளம். 'ஒரு சிறு இசை' தொகுப்புக்காக 2016-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றார்.

கே. பாலசந்தர் கதை கொஞ்சம் வேற மாதிரி. சென்னையில் ஏஜி ஆபீஸ் என்று சொல்கிற கணக்காயர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். (கணக்கு எழுதறவங்களுக்குக் கற்பனை கிடையாதுன்னு சொல்றவங்களுக்கு நான் எப்பவும் இவரைத்தான் காட்டுவேன்.) ஆபீஸ் வேலைக்கு நடுவே வருஷக்கணக்கில் நாடகம் எழுதி மேடையேற்றினார். 1964-ல் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம், 1965-ல் 'நீர்க்குமிழி' இயக்கம். வேலையை விட்டார்தான். ஆனா தேடறதுக்காக விடலை. மேடையில நாடகம் ஓடி, ஜனங்க டிக்கெட் வாங்கி வந்து பார்த்து, சினிமா கூப்பிட்ட பிறகு விட்டார். அந்த வரிசைதான் முக்கியம்.

இவங்கெல்லாம் பெரிய பேருங்க, ஜெயிச்சவங்களை மட்டும் காட்டறீங்களேன்னு கேட்கலாம். நியாயம். என் கிளையன்ட்ல பீளமேடு பக்கம் லேத் பட்டறை வெச்சிருக்கிற ஒருத்தர் இருக்கார், ஐம்பது தாண்டினவர். ரெண்டு வருஷம் முன்னாடி தேனீப் பெட்டி வெச்சிருந்தார். இப்போ சாயங்காலம் வள்ளிக்கும்மி பயிற்சிக்குப் போறார். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வந்தாக் கூட அரங்கேற்றத் தேதியைத்தான் முதல்ல சொல்வார். அவர் வாயிலேர்ந்து பேஷன்ங்கிற வார்த்தை இதுவரைக்கும் வந்ததில்லை. எங்க பட்டறையில வேலை முடிஞ்சா வேற என்னங்க பண்றது, அதாங்க போறேன்னு சொல்வார்.

இன்னொண்ணும் சொல்லியாகணும். முதல் தலைமுறைப் பட்டதாரி, கல்விக்கடன், தங்கச்சி கல்யாணக் கடன்னு ஓடிக்கிட்டிருக்கிறவங்ககிட்ட 'உன் பேஷன் என்ன'ன்னு கேட்கிறது கிட்டத்தட்ட அவமானப்படுத்தற மாதிரி. அவங்களும் ஆசையோட வாழ முடியும். ஆனா அதுக்கு 18 மாச லீவு முன்நிபந்தனைன்னு சொன்னா, அது வசதி இருக்கிறவங்களுக்கு மட்டுமான வாழ்க்கையாப் போயிடும்.

பணத்தை எப்படி வெச்சுக்கறது

எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ் மூணும் இருக்குன்னு எடுத்துக்கறேன். இல்லைன்னா முதல்ல அதை முடிங்க, அதுக்கு ஏற்கெனவே வீடியோ போட்டாச்சு.

தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட் ஆரம்பிங்க. சம்பளம் வந்த அன்னிக்கே 3-லேர்ந்து 5 சதவீதம் அதுக்குப் போகட்டும். 82,000 சம்பளத்துக்கு 5 சதவீதம்னா 4,100 ரூபாய். இந்தப் பணத்துக்கு ஒரே விதி: எதுக்குச் செலவழிச்சீங்கன்னு நீங்க யாருக்கும், உங்களுக்கேகூட, விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாசம் தபேலா, அடுத்த மாசம் மாடித் தோட்டம். பாதியில விட்டா அது நஷ்டம் இல்லை. சினிமா டிக்கெட் வாங்கினதை நஷ்டம்னு எழுதறோமா?

பொருள் வாங்கறதுலதான் காசு கரையும். ஆர்வம் வந்த முதல் வாரத்துல கடைக்குப் போறவங்க ஜாஸ்தி. மூணு மாசம் வரைக்கும் இரவல், வாடகை, செகண்ட் ஹேண்ட். அதுக்கப்புறமும் கை பரபரன்னா வாங்குங்க. 'நோ காஸ்ட் இஎம்ஐ'ங்கிற பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. கிரெடிட் கார்டுல அப்படி வாங்கும்போது வட்டித் தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியாக் கழிச்சிருப்பார், ஆனா வங்கி அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வாங்கும், செயலாக்கக் கட்டணம் தனி. அதைவிட மோசம், கிதாரை விட்டு ஆறு மாசமான பிறகும் கிதார் இஎம்ஐ உங்களை விடாது.

அந்தக் கிதாரைப் பார்க்கும்போதெல்லாம் 'நான் எதுலயும் நிலைக்காதவன்'ங்கிற எண்ணம் வருதே, அதுக்குப் பாதிக் காரணம் விலைதான். 600 ரூபாய் வாடகைக் கிதார் யாரையும் குத்திக் காட்டாது.

ஆசையில காசு வர ஆரம்பிச்சா

எல்லா ஆசையும் காசு சம்பாதிக்கணும்னு ஒண்ணுமில்லை. கேக் நல்லா இருக்குன்னு நாலு பேர் சொன்னா உடனே விலைப்பட்டியல் போடச் சொல்ற மாமா எல்லா வீட்டிலேயும் இருக்கார். ஆர்டர் எடுத்த நாள்லேர்ந்து அது வேலை. இதுல உங்களுக்குச் சம்மதமான்னு மட்டும் பார்த்துக்குங்க.

சம்மதம்னா, 2025-26 நிதியாண்டு விதிகள்படி சில விஷயங்கள். சம்பளம் வாங்கிட்டே வீட்டில கேக் செஞ்சு வித்தா, அது தொழில் வருமானம். ஐடிஆர்-1 போட முடியாது. 44ஏடி பிரிவின் கீழ், வங்கி, யுபிஐ மூலம் வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபம்னு காட்டி ஐடிஆர்-4 போடலாம். உண்மையான லாபம் அதைவிட அதிகம்னா அதைத்தான் காட்டணும். அதே வருஷம் பங்கு விற்ற குறுகிய கால லாபம் இருந்தா ஐடிஆர்-3க்குப் போகணும். பொருள் மட்டும் விற்கிறவங்களுக்குத் தமிழ்நாட்டுக்குள்ள 40 லட்சம் வரையும், வகுப்பு எடுக்கறது, போட்டோ எடுக்கறது மாதிரிச் சேவைகளுக்கு 20 லட்சம் வரையும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. சாப்பாட்டுப் பொருள்னா வீட்டுச் சமையலறையா இருந்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும்.

நிறையப் பேர் கேட்கிற இன்னொண்ணு: "கேமரா வாங்கினதால நஷ்டம்னு காட்டி சம்பள வரியைக் குறைக்கலாமா?" முடியாது. தொழில் நஷ்டத்தைச் சம்பளத்தோட கழிக்கச் சட்டம் அனுமதிக்காது. தொழிலே இல்லாம வெறும் ஆசைக்கு வாங்கினதுன்னா அது சொந்தச் செலவு, அவ்வளவுதான்.

மேல் வருமானத்தால வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல வரி வருதுன்னா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். அது தலைவலியா இருந்தா, அந்த வருமானத்தை உங்க கம்பெனிகிட்டச் சொல்லி சம்பளத்துலேயே டிடிஎஸ் பிடிக்கச் சொல்லலாம். இந்த வசதி இருக்கிறதே பல பேருக்குத் தெரியாது. ஆனா சொல்றதுக்கு முன்னாடி உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படிங்க. வேற வேலை செய்யக்கூடாதுன்னு ஷரத்து இருக்கும் பெரும்பாலும். 2022-ல் போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்தார்கள்னு விப்ரோ 300 பேரை அனுப்பியது ஞாபகம் இருக்கலாம். அதே வருஷம் ஸ்விக்கி, ஊழியர்கள் நிபந்தனைகளோட வெளிவேலை செய்ய அனுமதி கொடுத்தது. கேக்கும் தபேலா வகுப்பும் போட்டி நிறுவனம் இல்லைதான், இருந்தாலும் எழுத்துல அனுமதி வாங்கி வெச்சுக்கறது நல்லது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு நல்ல சேதி. 1964-ஆம் வருடத்து நடத்தை விதிகளில் 15-வது விதி, தனியாகத் தொழில் செய்வதற்கு முன் அனுமதி வேண்டும் என்கிறது. ஆனால் எப்போதாவது செய்கிற இலக்கிய, கலை, அறிவியல் பணிக்கு, அலுவலக வேலை கெடாதவரை, அந்த முன் அனுமதி தேவையில்லை என்று விலக்குக் கொடுக்கிறது. ஒரு குமாஸ்தாவுக்குக் கதை எழுத ஆசை வரும்னு அந்த விதியை எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கு.

நிஜமாவே விடப் போறீங்கன்னா

வேலையை விடவே கூடாதுன்னு நான் சொல்லலை. பாலசந்தர் மாதிரி அந்தப் பக்கத்துலேர்ந்து கூப்பாடு வந்திருந்தா, ஒரு வருஷமாவது தொடர்ந்து காசும் வந்திருந்தா, போகலாம். இல்லை, உடம்பும் மனசும் ஓய்ஞ்சு போச்சு, ஓய்வு வேணும்னா, அதையும் தாராளமா எடுங்க. ஆனா அதுக்கு ஓய்வுன்னே பேர் வைங்க. மூணு மாச ஓய்வுக்கு பட்ஜெட் போடறது சுலபம். 'என்னைக் கண்டுபிடிக்கிறேன்'ங்கிறதுக்கு முடிவுத் தேதி கிடையாது, அதனால பட்ஜெட்டும் போட முடியாது. அதுக்கு முன்னாடி சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமான்னு ஹெச்ஆர்-கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கேட்காமலே ராஜினாமா எழுதறவங்க நிறைய.

பிஎஃப் பணத்தைத் தொடாதீங்க. தொடர்ச்சியா 5 வருஷ சர்வீஸ் முடியறதுக்குள்ள முழுசா எடுத்தா வரி உண்டு. பென்ஷன் திட்டத்துல 10 வருஷ சர்வீஸ் சேர்ந்தாத்தான் மாத ஓய்வூதியத் தகுதி, அதனால பழைய கணக்கை அப்படியே வெச்சிருந்து அடுத்த வேலைக்கு மாத்திக்கிறதுதான் லாபம்.

கிராஜுவிட்டிக்கு எத்தனை மாசம் பாக்கின்னு எண்ணிப் பாருங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸை வேலையில இருக்கும்போதே உங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் தனியா எடுத்துடுங்க. குரூப் பாலிசி ஓடற காலத்துலேயே அந்தக் காத்திருப்புக் காலமும் ஓடிடும். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால 'கம்பெனிதான் கொடுக்குதே'ன்னு தள்ளிப் போட்டவங்க இப்போ எடுக்கலாம். ப்ரொபோசல் ஃபார்ம்ல அப்பாவோட சர்க்கரையையும் மாத்திரைப் பேரையும் மறைக்காம எழுதுங்க. பாலிசி கையில வந்து, ஷெட்யூல்ல அவர் பேரும் பிறந்த தேதியும் சரியா இருக்கான்னு பார்த்த பிறகு ராஜினாமாக் கடிதத்தை டைப் பண்ணுங்க.